சல்சாவுக்கு ஒரு பொன்னாடை

தோர்ண்டன் ஹீத்தில் ஜம்புநாதனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. ஆனால் அவரைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், "நல்ல மனுசன்" என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு மேல் சொல்வதற்கு அவர் யாருக்கும் ஒன்றும் கொடுத்ததில்லை.

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் கலைஞர்களுக்குப் போர்த்தும் பொன்னாடையை வாங்கி வருவது அவருடைய பொறுப்பு. டூட்டிங் கடைகளில் ஏறி இறங்கி, சரிகை உதிராததாக, மடித்தால் மடிப்பு நிற்பதாகப் பார்த்து எடுப்பார். போர்த்துவது மட்டும் வேறு ஆள். ஒரு டொக்டர் போர்த்துவார், டொக்டர் வராவிட்டால் ஒரு எக்கவுண்டன்ட் போர்த்துவார். ஜம்புநாதன் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பிறகு படங்களைக் கழுவி எடுத்துப் பார்த்தால் டொக்டரின் சிரிப்பு இருக்கும், கலைஞரின் கும்பிடு இருக்கும், ஓரத்தில் தட்டைப் பிடித்த இரண்டு கைகள் இருக்கும். அந்தக் கைகள் யாருடையவை என்று ஒருவரும் கேட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் எரிச்சல் வரும்.

ஊரில் அவர் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் கிளாக்கர். எண்பத்திரண்டில் பாலாம்பிகையைக் கைப்பிடித்தார். அவள் கீழ் வகுப்பு ரீச்சர், நன்றாகக் கதைப்பாள், அதைவிட நன்றாகச் சிரிப்பாள். எண்பத்தைந்தில் ஆமிக்காரர் ஆண்களைக் கண்ட இடத்தில் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியதும், வீட்டார் எல்லோரும் சேர்ந்து அவரை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் மனைவியைக் கூப்பிட்டுவிடலாம் என்பதுதான் பேச்சு. அகதி வழக்கு இழுபட்டது. ஊரிலிருந்து வெளியே வருகிற பாதை மூடியது, திறந்தது, மறுபடியும் மூடியது. அந்த ஆறு மாதம் எட்டு வருஷமாக நீண்டது. மூன்றே வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் எட்டு வருஷம் பிரிந்திருந்தார்கள்.

லண்டனில் அவருக்குக் கிடைத்தது துப்புரவு வேலை. சிற்றியில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். வெள்ளைக்காரர்கள் வேலைக்கு வருவதற்கு முன்னால் தரையைக் கூட்டி, துடைத்து, பளபளவென்று ஆக்கிவிட வேண்டும். கூட வேலை செய்தவன் ஹெர்னான் என்ற கொலம்பியாக்காரன். முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டதற்கு, "காலி" என்றான். ஜம்புநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு தூரம் ஓடிவந்தும் தெற்கே சிங்கள ஊரான காலியிலிருந்து ஒருவன் வந்து பக்கத்தில் நிற்கிறானே என்று இரண்டு நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொலம்பியாவிலும் காலி என்று ஒரு நகரம் இருப்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு இருவரும் நல்ல சிநேகிதர்கள்.

ஹெர்னான் வேலைக்கு ஒரு கசற் றேடியோ கொண்டு வருவான். அதில் போவது டொன் எவரார்டோ என்ற பழைய காலத்து ஆளின் சல்சா பாண்ட் ஒன்றுதான். ஹெர்னானின் தகப்பனுடைய கல்யாண வீட்டில் வாசித்த பாண்ட் அது என்று அவனுக்குப் பெருமை. முதலில் ஜம்புநாதனுக்கு அதைக் கேட்கவே ஏலாமல் இருந்தது. தகரக் கடைக்குள் மாடு புகுந்துவிட்டது மாதிரி ஒரே சத்தம். ஆனால் தமிழ்ப் பாட்டு அவருக்கு அந்த நாட்களில் ஆகாது. ஒருமுறை ட்ரெயினில் யாரோ பக்கத்தில் ஒரு பழைய பாட்டை முணுமுணுக்க, அவர் ஸ்ரொக்வெல்லில் இறங்கி மேடைக் கதிரையில் இருந்து அழுதிருக்கிறார். இந்தப் பாட்டுகளில் ஒரு சொல்லும் விளங்காது. விளங்காதபடியால் அழவும் தேவையில்லை. அதனாலேயே மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. "இது பிள்ளையை இழந்த தாயைப் பற்றிய பாட்டு" என்று ஹெர்னான் ஒருநாள் விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது, சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கேட்டுக் கேட்டு, தரை மினுக்கும் இயந்திரத்தைப் பிடித்தபடியே கால் அசையத் தொடங்கியது. ஹெர்னான் அதைக் கண்டுவிட்டான். அவனுடைய மாமி மார்லெனி, அறுபது தாண்டிய மனுசி, அவளும் அதே கட்டடத்தில்தான் துப்புரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் எலிபன்ட் அண்ட் காஸிலில் அவளுடைய பிளாட்டில் எல்லோரும் கூடிச் சமைத்துச் சாப்பிட்டு ஆடுவார்கள். ஜம்புநாதனையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க மார்லெனியின் கால்களை மிதித்து மிதித்து அவர் சல்சா பழகினார். நன்றாகவே பழகினார். கூச்சப்படுகிற ஆட்களுக்கு ஆட்டம் வந்தால் அப்படித்தான், உடம்புக்குள் அடைத்துவைத்தது எல்லாம் சேர்ந்து வரும்.

இதை அவர் தமிழ் ஆட்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. சங்கத்துக் காதில் விழுந்தால், கதை வெம்பிளிக்குப் போய்ச் சேரும்போது அவருக்கு ஒரு கொலம்பியப் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் இருந்திருக்கும்.

தொண்ணூற்றுமூன்று புரட்டாதியில் பாலாம்பிகை வந்து இறங்கினாள். கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் மறிபட்டு, கொழும்பில் மாதக் கணக்கில் காத்திருந்து வந்தவள். மெலிந்து, கறுத்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. விமான நிலையத்தில் அவளைக் கண்டதும் ஜம்புநாதன் மனதுக்குள் ஒரு சபதம் எடுத்தார். இவள் பட்டது போதும், இனி இவள் ஒரு துரும்பையும் அசைக்கக்கூடாது.

சபதத்தைக் காப்பாற்றினார் என்பதுதான் கேடு. விடியப்புறம் வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணீர் போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போவார். வந்து சமைப்பார். உடுப்புத் தோய்ப்பார், மடிப்பார், சேலைக்கு அயர்ன் போடுவார். எட்டு வருஷம் தனியே இருந்து எல்லாம் பழகிவிட்ட மனுஷன். பாலாம்பிகை கரண்டியை எடுத்தால், "நீர் இரும், நான் செய்யிறன்" என்று வாங்கிவிடுவார். ஊரில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார், கேட்டால் நோகும் என்று. தன்னைப் பற்றியும் சொல்லமாட்டார், தான் இங்கே வசதியாக இருந்ததாக அவள் நினைத்துவிடுவாள் என்று. இன்றைக்கு என்ன கறி, எந்தக் கோயிலுக்குப் போவோம், இந்தச் சட்டை நல்லாயிருக்கா என்று அவள் எதைக் கேட்டாலும் ஒரே மறுமொழிதான்: "உம்மடை விருப்பம்."

அன்பென்று நினைத்துத்தான் எல்லாம் செய்தார். அவளுக்கோ, நல்ல மரியாதையான வீட்டில் விருந்தாளியாக வந்து நாள் கூடிப்போன மாதிரி இருந்தது. வந்த நாளிலிருந்து அவள் சிரித்து அவர் பார்க்கவில்லை.

வைகாசி முடிகிற நேரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நான் கொஞ்ச நாளைக்கு அண்ணை வீட்டை போய் நிக்கட்டோ?"

அண்ணன் பரமேஸ்வரன் வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையில் காசு வாங்குகிற ரில்லில் நிற்க ஆள் தேவை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏன், இஞ்சை என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை. அதுதான்."

ஜம்புநாதன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்கவும் பயமாக இருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு இவள் வெம்பிளிக்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போகாதே என்று சொல்ல வாய் வந்தது. எட்டு வருஷம் செல்லுக்கும் குண்டுக்கும் நடுவே தனியாக விட்டுவிட்டு, இப்போது எந்த முகத்தோடு அவளைப் போகாதே என்று மறிப்பது?

"உம்மடை விருப்பம்" என்றார்.

பாலாம்பிகை எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அண்ணன் வானோடு வந்து கூட்டிப்போக ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை குறித்தாயிற்று.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிறு டொன் எவரார்டோவின் பாண்ட் லண்டனில் வாசிப்பதாக இருந்தது. எழுபது தாண்டிவிட்ட கிழவர், இனி ஒருமுறை இந்தப் பக்கம் வருவாரோ தெரியாது. திங்கள் விடியப்புறம் வேலைக்குப் போகிற சனங்களுக்காகப் பின்னேரக் காட்சி ஒன்றும் வைத்திருந்தார்கள். ஹெர்னான் இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து ஜம்புநாதனின் சட்டைப் பைக்குள் திணித்து, மனைவியைக் கூட்டி வா என்றான்.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு கச்சேரி இருக்கு. வாறீரோ?"

"ஆற்றை கச்சேரி?"

"கொலம்பியாக்காரற்றை. எங்களோடை வேலை செய்யிற ஆக்கள் எல்லாம் வருவினம்."

பாலாம்பிகை அவரை நிமிர்ந்து பார்த்தாள். வந்து இத்தனை மாதத்தில் அவர் தானாக எதற்கும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வாறன் என்றாள்.

கச்சேரி என்றால் கச்சேரிக்குப் போகிற மாதிரித்தானே போக வேண்டும். மாம்பழ நிறக் காஞ்சிபுரம் உடுத்தாள், தலைக்குப் பூ வைத்தாள், இடைவேளையில் சாப்பிட வடை சுட்டு ஈயத் தாளில் சுற்றினாள். ஜம்புநாதன் தன் பங்குக்கு ஒரு பிளாஸ்ரிக் பையை மார்போடு அணைத்துப் பிடித்தபடி வந்தார். அதற்குள் ஒரு பொன்னாடை. எட்டு வருஷம் தன்னைத் தூக்கி நிறுத்திய ஒரு கலைஞரை நேரில் பார்க்கப் போகிறோம், வெறும் கையோடு போவது எப்படி? ஒரு கச்சேரி பொன்னாடை இல்லாமல் முடியலாம் என்று அவருக்குக் கற்பனை செய்யவே வரவில்லை. இருந்ததிலேயே நல்லதாக, அரக்குக் கரையும் அகலச் சரிகையும் உள்ளதாக எடுத்திருந்தார். எப்படிப் போர்த்துவது, யார் மேடைக்கு அழைப்பார்கள் என்பதையெல்லாம் யோசிக்கவில்லை. விழாக்களில் அது எப்போதும் தானாக நடக்கும்.

மண்டபம் எலிபன்ட் அண்ட் காஸிலுக்குப் பக்கத்தில், பழைய சினிமாத் தியேட்டர் ஒன்று. முன் வரிசை கிடைக்க வேண்டும் என்று டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே ஈ காக்கை இல்லை. ஒருவன் வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

"கதிரையள் எங்கை?" என்றாள் பாலாம்பிகை.

"இல்லைப் போலை."

"அப்ப சனம் எங்கை இருந்து கேக்கிறது?"

"நிண்டுதான். ஆடுவினம்."

"ஆர் ஆடுவினம்?"

"வாற ஆக்கள்" என்றார் ஜம்புநாதன், தனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாதவர் போல.

இரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். சனம் வரத் தொடங்கவே ஒரு மணித்தியாலம் ஆனது. அந்த விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கும் கொலம்பியாக்காரர்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். குழந்தை வண்டில்கள், கிழவிகள், பளபளக்கிற சட்டைகள். வந்தவர்களில் பாதிப் பேர் நேரே ஜம்புநாதனிடம் வந்தார்கள்.

"ஹம்பு!" என்று, ஜம்புவை ஸ்பானிஷ் நாக்கால் மாற்றிக் கூப்பிட்டபடி, முதலில் வந்தவள் மார்லெனி. அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் ஹெர்னானின் மனைவி. ஆண்கள் முதுகில் தட்டினார்கள். ஒருத்தன் அவர் தலைமயிரைக் கலைத்துவிட்டுப் போனான். தோர்ண்டன் ஹீத்தில் மூன்று வார்த்தை சேர்த்துப் பேசாத மனுஷன் இவர்களோடு அரைகுறை ஸ்பானிஷில் பதில் சொல்வதையும் காது வரை சிவப்பதையும் பாலாம்பிகை பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மார்லெனி அவளையும் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், சேலைக் கரையைத் தடவிப் பார்த்தாள், வடையைக் கேட்டு வாங்கித் தின்றாள்.

பிறகு பாண்ட் வந்தது. எல்லோரும் கிழவர்கள். வெள்ளைக் கோட்டும் வெள்ளைச் சப்பாத்தும். ஒருவருக்குக் கை கொடுத்துத்தான் மேடையில் ஏற்றினார்கள். டொன் எவரார்டோ கடைசியாக வந்து, இடுப்புயர நெட்டை மேளங்கள் இரண்டுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். அடித்தாரே பார்க்கலாம். முதல் அடியில் மண்டபம் அதிர்ந்தது. ஏற்றிவிடப்பட்ட அந்தக் கிழவர் ட்ரம்பெற்றைத் தூக்கி ஊதியபோது, இவருக்கா கை கொடுத்து ஏற்றினார்கள் என்று இருந்தது.

சனம் முழுக்க ஆடத் தொடங்கியது. ஜம்புநாதன் மட்டும் பாலாம்பிகையின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றார். கசற்றில் கேட்ட ஒவ்வொரு தட்டும் நேரில், காதுக்கு முன்னால் விழுகிறது. கால் பெருவிரலைச் சப்பாத்துக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மார்லெனி வந்து கையை நீட்டினாள். அவர் தலையாட்டி மறுத்தார். மார்லெனி விடாமல் பாலாம்பிகை பக்கம் திரும்பி, அவரைக் காட்டி, தன் இடுப்பைக் காட்டி, இரண்டு விரல்களால் அந்தரத்தில் ஆடிக் காட்டினாள். இதைவிடத் தெளிவாக எந்தப் பாஷையிலும் காட்டிக் கொடுக்க முடியாது.

"நீங்கள் ஆடுவியளோ?" என்றாள் பாலாம்பிகை.

ஜம்புநாதன் கைப்பையின் வாரைச் சரிசெய்தார்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

"கொஞ்சம்."

"அப்ப போய் ஆடுங்கோவன்."

"உம்மடை விருப்பம்."

பாலாம்பிகைக்கு வந்ததே கோபம். அடக்கிவைத்த பத்து மாதக் கோபம் முழுக்க அந்த ட்ரம்பெற் சத்தத்துக்கு மேலால் வந்தது.

"என்ரை விருப்பம், என்ரை விருப்பம் எண்டு சொல்லி என்னைக் கொல்லாதேங்கோ. உங்களுக்கு எண்டு ஒரு விருப்பம் இல்லையோ? கல்லையோ நான் கட்டினனான்? உங்கடை விருப்பம் என்ன, அதைச் சொல்லுங்கோ."

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் ஒரு அடி விலகிக்கொண்டார்கள்.

ஜம்புநாதன் கைப்பையை அவளிடம் கொடுத்தார். பிளாஸ்ரிக் பையையும் கொடுத்தார். "ஆடத்தான் விருப்பம்" என்றார். மார்லெனியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பாலாம்பிகை பார்த்தாள். முன்னுக்கு ஒரு அடி, பின்னுக்கு ஒரு அடி, தோள் ஆடாமல் இடுப்பில் மட்டும் ஒரு அசைவு. மார்லெனியை ஒரு விரலால் சுழற்றி விட்டு மறுபடி பிடிக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறார். நாற்பது வயதும் கொஞ்சம் தொந்தியும் உள்ள, அயர்ன் போட்ட வெள்ளைச் சேட்டுப் போட்ட அவளுடைய புருஷன். தான் இல்லாத எட்டு வருஷத்தில் இந்த மனுஷன் செத்துப்போகாமல் எப்படி இருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பொறாமை வரும் என்று நினைத்தாள். வந்தது பொறாமை இல்லை, ஒரு பெரிய ஆறுதல். கூடவே, இதை எனக்கு மறைத்தாரே என்று ஒரு கோபமும் இருந்தது. அது நியாயமான கோபம்.

வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவரிடம் பிளாஸ்ரிக் பையைத் திறந்து காட்டி, "இது என்னத்துக்கு?" என்றாள்.

"அவருக்குப் போர்ப்பம் எண்டு. ஆனா இஞ்சை ஒருத்தரும் மேடைக்குக் கூப்பிடுற மாதிரித் தெரியேல்லை. பறவாயில்லை, விடும். வீட்டை கொண்டு போவம்."

மேடைக்கு முன்னால் சனம் நெருக்கியடித்து நின்றது. அதற்கும் முன்னால் கறுப்புச் சட்டை போட்ட காவல்காரன் ஒருவன், அலுமாரி மாதிரி. ஜம்புநாதன் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, எப்போதும் போல மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார். பாலாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்குப் பின்னாலை வாங்கோ. கையை விட்டிடாதேங்கோ."

அவள் இடித்துத் தள்ளவில்லை. தோளைச் சற்றுச் சரித்து, முழங்கையை முன்னே விட்டு, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து நுழைந்தாள். ஒருவரின் முதுகில் உள்ளங்கையை வைத்து, "அரக்கி நில்லுங்கோ, தம்பி" என்று மெதுவாகத் தமிழிலேயே சொன்னாள். அந்தத் தம்பி அரக்கி நின்றான். "பிள்ளை, விலத்தும்" என்றாள், பிள்ளை விலத்தியது. ஜம்புநாதன் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இழுபட்டுப் போனார். அவர் கட்டின பாலாம்பிகை பஸ்ஸில் ஏறவே ஆள் குறைந்த பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவள்.

"இதெல்லாம் எங்கை பழகினீர்?" என்றார் பின்னாலிருந்து.

"ஊரிலை, சங்கக்கடையிலை. மண்ணெண்ணெய் வரிசையிலை. இது என்ன சனம், இதைப்போலை பத்து மடங்கு. மேலை பொம்பர் சுத்தும், ஒருத்தரும் வரிசையை விட்டுப் போகாயினம்."

காவல்காரன் கையைக் குறுக்கே நீட்டினான். பாலாம்பிகை அவனை அண்ணாந்து பார்த்து, கீழ் வகுப்பு ரீச்சரின் இங்கிலீசில், சத்தத்தைக் கூட்டாமல் சொன்னாள்: இவர் பெரியவருக்கு மரியாதை செய்ய வந்திருக்கிறார், இது எங்கள் வழக்கம், நீ கொஞ்சம் தள்ளி நில். ஆமிக்காரர்களிடம் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. காவல்காரன் தள்ளி நின்றான்.

பாட்டு முடிந்து கைதட்டலுக்குக் கிழவர் மேடை விளிம்புக்கு வந்திருந்தார். மாம்பழ நிறச் சேலையும் தலையில் பூவும் கண்டதும் என்னவோ ஏதோ என்று குனிந்தார். ஜம்புநாதன் பொன்னாடையை வெளியே எடுத்தார். விரித்தார். விரித்து, இரண்டு கைகளிலும் ஏந்தி, பாலாம்பிகையிடம் நீட்டினார். இத்தனை வருஷம் தட்டுப் பிடித்த கைகளுக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

"என்னட்டை ஏன் தாறியள்? நீங்கள் போருங்கோ" என்றாள். "இண்டைக்கு டொக்டர் ஒருத்தரும் வரேல்லை."

ஜம்புநாதன் எட்டிப் பிடித்து, கிழவரின் தோளைச் சுற்றிப் பொன்னாடையைப் போர்த்தி, முன்பக்கம் சரிகை தெரிய இழுத்து விட்டுக் கும்பிட்டார். மண்டபம் என்ன நடக்கிறது என்று விளங்காமலே கைதட்டியது. டொன் எவரார்டோ உருகிப்போனார். நெஞ்சில் கை வைத்து ஜம்புநாதனுக்கு ஏதோ சொன்னார். பிறகு பொன்னாடையின் ஒரு தலைப்பைப் பிடித்து, முகத்தை அழுத்தித் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். சேட்டுப் பொத்தானைக் கழற்றிக் கக்கத்துக்குள்ளும் விட்டு வடிவாகத் துடைத்தார். நல்ல துவாய் கொண்டுவந்து தந்தாய் என்று பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேளத்துக்குத் திரும்பினார்.

ஜம்புநாதன் கும்பிட்ட கை கும்பிட்டபடி நின்றார். அரக்குக் கரை. அகலச் சரிகை. கக்கம்.

பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாலாம்பிகை சிரிக்கிறாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த ஏலாமல், மேடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிறாள். "கக்கத்துக்கை" என்கிறாள், மேலே சொல்ல வரவில்லை, மறுபடி சிரிக்கிறாள். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. தலையில் வைத்த பூ கழன்று தோளில் தொங்குகிறது. காவல்காரனும் சேர்ந்து சிரித்தான். கடைசியில் ஜம்புநாதனுக்கும் வந்துவிட்டது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். பஸ்ஸின் மேல்தட்டில் முன் சீட் கிடைத்தது. பிறிக்ஸ்ரன் வரைக்கும் அவள் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு, வரப்போகிற சனிக்கிழமை இரண்டு பேருக்கும் நடுவில் வந்து இருந்துகொண்டது.

"பாலா" என்றார் ஜம்புநாதன். அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம்.

"ம்."

"சனிக்கிழமை நீர் போகாதையும்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏன்?" என்றாள்.

பஸ் இரண்டு தரிப்பைத் தாண்டியது. ஏறினவர்கள் ஏறி, இறங்கினவர்கள் இறங்கினார்கள்.

"எனக்குச் சமைக்கத் தெரியும், தோய்க்கத் தெரியும், எல்லாம் தெரியும். அதுக்கு நீர் வேண்டாம்" என்றார். "ஆனா பாலா, நீர் சிரிக்கிற சத்தம் எப்பிடி எண்டு எட்டு வருஷமா நான் நினைச்சு நினைச்சுப் பாத்தனான். உம்மடை முகம் வரும். கதைக்கிறது வரும். சிரிப்பு மட்டும் எனக்குச் சரியா வரேல்லை. நீர் வந்தாப் பிறகும் கேக்கேல்லை. நான் மறந்துதான் போனன் எண்டு பயந்துபோனன். இண்டைக்குத்தான் கேட்டன். இதைக் கேட்டாப் பிறகு இனி என்னாலை தனிய இருக்க ஏலாது."

ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசியது அவருக்கே புதினம். பாலாம்பிகை யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள். பிறகு கொஞ்சம் அரக்கி, தோள் தோளில் முட்ட இருந்தாள்.

"அண்ணை ஏசுவார்" என்றாள் ஸ்ரெட்டம் தாண்டும்போது.

"ஏசட்டும்."

"நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லவேணும்."

"சொல்லுறன்."

தோர்ண்டன் ஹீத்தில் இறங்கினதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், தரிப்புக்கு எதிரே இருந்த சிவப்பு ரெலிபோன் பெட்டியை அவள் காட்டினாள். இப்போதே என்றாள். அவர் உள்ளே போய்ச் சில்லறையைப் போட்டு வெம்பிளிக்கு அடித்தார். கதவு மூடாமல் பாலாம்பிகை வெளியிலிருந்து ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான், நான் ஜம்பு கதைக்கிறன். சனிக்கிழமை வான் கொண்டு வரவேண்டாம். இல்லை, அவவுக்குச் சுகம்தான். இல்லை, சண்டை ஒண்டும் இல்லை." அந்தப் பக்கத்தில் பரமேஸ்வரனின் குரல் உயர்ந்தது. ஜம்புநாதன் ரெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துவிட்டு, மறுபடி வாயருகே கொண்டுவந்தார். "பாலாவை விட என்னாலை ஏலாது" என்றார்.

"பெலத்துச் சொல்லுங்கோ" என்றாள் பாலாம்பிகை வெளியிலிருந்து. "றோட்டுச் சத்தத்திலை எனக்குக் கேக்கேல்லை."

அவர் பெலத்துச் சொன்னார்.